ஊர்க் காணியைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து தேடுவது

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் முப்பது வருடம் இருந்துவிட்டவர்களுக்கு நிலம் என்றால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்றுதான் வாயில் வருகிறது. ஆரம்பாக்கம் தாண்டித் தடா, சூலூர்ப்பேட்டைப் பக்கம் பெயின்ட் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு ஆந்திராக்காரரின் பட்டாதார் பாஸ்புத்தகமும் தெரியும். இந்தப் பழக்கத்தோடு ஊருக்குப் போன் போட்டு, "எங்கட காணிக்குப் பட்டா எடுத்து அனுப்பு" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் முழிப்பார். இலங்கையில் பட்டா என்று ஒன்று கிடையாது. தனியார் காணிக்கு உறுதி (சொத்துப் பத்திரம்) இருக்கும். அந்த உறுதி பதிவான ஏட்டின் நகலைத் தோம்பு என்பார்கள். அரச காணி என்றால் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். எந்தக் கதவைத் தட்டுவது, எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் இந்த வகையைப் பொறுத்தது. எனவே முதல் வேலை வகையைக் கண்டுபிடிப்பது.

வயதானவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். காணிக்குப் பெயர் உண்டா? "பனையடி", "ஆலடி வளவு" என்று பெயர் சொன்னால் அது அநேகமாக உறுதிக் காணி. இத்தனையாம் யூனிட், இத்தனையாம் வாய்க்கால், குடியேற்றத் திட்டம் என்று சொன்னால் அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் இந்த இரண்டாவது வகை அதிகம். 'சுவர்ணபூமி', 'ஜயபூமி' என்று தலைப்புப் போட்ட பத்திரம் இருந்தால் அது அளிப்பு. இரண்டுமே தெரியாவிட்டால் அந்தக் கிராம அலுவலர் பிரிவு எந்தப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது என்று பார்த்து, அங்குள்ள காணிக் கிளையில் தாத்தாவின் முழுப்பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பெயரை முதலெழுத்தோடு கொடுக்காதீர்கள். "க. சின்னத்தம்பி" ஒவ்வோர் ஊரிலும் இருபது பேர் இருப்பார்கள்.

உறுதி எரிந்துபோனது, படகில் நனைந்துபோனது என்று கைவிட்டவர்கள் நிறைய. அதற்கு அவசியமே இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு (நோட்டரி) முன்னால், இரண்டு சாட்சிகளோடுதான் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதும்போது உறுதி மூன்று இடத்துக்குப் போகிறது. மூலம் உங்கள் வீட்டுக்கு. இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு. இன்னொன்று நொத்தாரிசின் கோப்பில். நொத்தாரிசு இறந்திருந்தாலும் அவருடைய கோப்புகள் காணிப் பதிவாளரிடம் சேர்ந்திருக்க வேண்டும். ஆக உங்கள் கையில் இருந்தது மூன்றில் ஒன்றுதான். மற்ற இரண்டில் ஒன்றுக்கு அத்தாட்சிப்படுத்திய நகல் எடுத்தால் நீதிமன்றத்துக்குப் போதும்.

நகல் எடுக்க உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் வேண்டும். ஒன்றுமே தெரியாதவர்கள் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியிலிருந்து தொடங்கலாம். அவர் உறுதியின் எல்லை விவரத்தில் உங்கள் தாத்தா பெயர் இருக்கும். அந்தக் காணி எந்த ஏட்டில் பதிந்திருக்கிறது என்று பார்த்து, அதே பாகத்தில் முன்னும் பின்னும் தேடினால் பலமுறை உங்கள் ஏடு கிடைக்கும். சலிப்பான வேலைதான். பதிவகத்தில் தினமும் வேலை செய்யும் சட்டத்தரணியின் எழுதுவினைஞரிடம் கொடுத்தால் நீங்கள் ஒரு வாரம் அலைவதை அவர் ஒரு காலையில் முடித்துவிடுவார்.

நகல் வந்ததும் அட்டவணைப் பகுதியை எழுத்தெண்ணிப் படியுங்கள். இப்படி இருக்கும்: இன்ன கோயிற்பற்றில் (பழைய ஊர்ப் பிரிவு) இருக்கும் 'பனையடி' என்னும் பெயருடைய காணி, விசாலம் 4 பரப்பு 9 குழி, அதில் உள்ள வீடும் கிணற்றில் அரைப்பங்கும் வழி வாய்க்கால் உரிமையும், கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் பிள்ளைகளுக்குரிய காணி, மேற்கு இன்னார், தெற்கு இன்னார். இதில் தவறுவது அளவுதான். மேட்டுக் காணிக்குரிய வரகுக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச், 2,722.5 சதுர அடி, இங்கத்திய கணக்கில் 6.25 சென்ட், ஒரு கிரவுண்டைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே சொன்ன 4 பரப்பு 9 குழி நான்கரைப் பரப்பு. 28 சென்டுக்குச் சற்று மேல். ஆனால் வயல் உறுதியில் நெற்கணக்குப் பரப்பு எழுதியிருப்பார்கள். அது இதைவிடப் பெரியது. வயலை வரகுக் கணக்கில் மாற்றிச் சொல்லித் தன் பங்கைத் தானே குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. கிணற்றுப் பங்கையும் விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிக்குக் கிணறு இல்லையென்றால் விலை பாதிதான்.

பிறகு தோம்பைப் பாருங்கள். தாத்தாவுக்குப் பின் யாராவது ஈடு (அடமானம்), விற்பனை, நன்கொடை என்று பதிந்திருக்கிறார்களா? நீங்கள் இங்கே இருந்த காலத்தில் பதிவான ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படியுங்கள். உங்கள் உறுதி எழுதப்பட்டும் பதியப்படாமல் கிடந்தால் உடனே பதியுங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பின்னால் காசு கொடுத்து வாங்கியவர் முந்திப் பதிந்துவிட்டால் பதியாத பழைய உறுதி அவருக்கு எதிராக நிற்காது. அதே சட்டத்தின் 32ஆம் பிரிவில் எச்சரிக்கைப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. அந்த ஏட்டில் யாராவது புதிதாகப் பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். செலவு சிறியது, முகாமில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

காணி யாருடையது என்பதில் வட மாகாணத்தவருக்குத் தேசவழமை என்னும் மரபுச் சட்டம் குறுக்கே வரும். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (திருமணத்துக்குப் பின் சம்பாதித்தது) என்று பிரித்துப் பாருங்கள். சீதனக் காணி அம்மாவுடையது. அப்பா அதை விற்க முடியாது. அதேபோல அம்மா அதைக் கைமாற்ற அப்பாவின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். தேட்டத்தில் ஒரு பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மறு பாதி பிள்ளைகளுக்கும் போகும். கூட்டுச் சொந்தக்காரர் தன் பங்கை விற்பதானால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். நீங்கள் கும்மிடிப்பூண்டியில் இருப்பதால் அந்த உரிமை போய்விடாது. திருகோணமலை, மட்டக்களப்பு, மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். இந்தப் பத்தி அவர்களுக்கு இல்லை.

அற்றோணித் தத்துவம்

இங்கிருந்தபடி அங்கே வேலை நடக்க ஒருவருக்கு அதிகாரம் எழுதித்தர வேண்டும். இங்கே பவர் என்பதை அங்கே அற்றோணித் தத்துவம் என்பார்கள். சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்தி அனுப்புவதே சிக்கலில்லாத வழி. அங்கே போனதும் அதைப் பதிவு செய்ய வேண்டும். காணி விவகாரம் கெட்டுப்போவது அதிகமும் இந்தக் காகிதத்தில்தான். "என் சகல அசையும் அசையாச் சொத்துக்களையும் நிருவகிக்கவும் விற்கவும் ஈடுவைக்கவும்" என்று அச்சடித்த மாதிரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அடுத்த மாதம் காணி விற்றுப்போனாலும் அது சட்டப்படி சரியான விற்பனையாகவே நிற்கும். வழக்கு உறவுக்காரர்மேல் போடலாம். வாங்கியவரிடமிருந்து காணியை மீட்பது வேறு கதை.

எனவே குறித்த காரியத்துக்கு மட்டும் எழுதுங்கள். காணியின் அட்டவணையை அப்படியே சேருங்கள். கொடுக்க வேண்டிய அதிகாரங்கள்: நகலும் தோம்பும் எடுப்பது, எச்சரிக்கை பதிவது, அளவையாளரை வைத்து அளப்பது, கிராம அலுவலரிடமும் பொலிசிலும் முறையிடுவது, சட்டத்தரணி வைத்து வழக்குப் போடுவது. "விற்க, ஈடுவைக்க, நன்கொடை கொடுக்க, ஒரு மாதத்துக்கு மேல் குத்தகைக்கு விட அதிகாரம் இல்லை" என்று ஒரு வரியைத் தனியாக எழுதுங்கள். எழுதாமல் விட்டாலும் அதிகாரம் கிடையாதே என்று வாதாடலாம்தான். எழுதிவிட்டால் வாதாடத் தேவையில்லை. முடிவுத் திகதியும் போடுங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அதைக் காட்டிச் செய்தது எதுவும் செல்லாது. முகாமில் எண்பது வயதுப் பெரியவர் பெயரில் காணி இருந்தால் அதிகாரம் எழுதுவதை விட, அவர் இருக்கும்போதே நன்கொடை உறுதியோ மரணசாதனமோ (உயில்) எழுதுவதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

காணியில் வேறொருவர் இருந்தால்

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் உரிமையை ஏற்காமல், இடையூறில்லாமல் 10 வருடம் ஆண்டுகொண்டிருந்தால் காணி அவருக்காகிவிடலாம்; இதைத்தான் எதிராட்சி என்பது. அடிக்கடி சொல்லப்படாதது, அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. வழக்குப் போடும் உரிமை எழுந்த நேரத்தில் சொந்தக்காரர் கடல் கடந்து இருந்தால் அந்த 10 வருடம் அவர் திரும்பும்வரை ஓடத் தொடங்காது. முகாம் வாழ்க்கைக்கென்றே எழுதியது போல இருக்கும் இதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு: 30 வருட எதிராட்சி முடிந்துவிட்டால் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். உதாரணமாக, நீங்கள் 1990இல் மண்டபம் முகாமில் இறங்கியவர். 1997இல் ஒருவர் உங்கள் வளவில் புகுந்தார். 10 வருடக் கணக்கு உங்களுக்கு எதிராக ஓடவில்லை. 2027இல் 30 வருடம் நிறைகிறது. அதற்குமுன் வழக்குப் போட்டாக வேண்டும். மாறாக, அவர் 1989இல் நீங்கள் ஊரில் இருக்கும்போதே புகுந்திருந்தால் கடல் கடந்த சலுகை கிடையாது.

இதன்மேல் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. போரினால் காணியைவிட்டு விலகியவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எதிராட்சிக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழிசெய்தது. ஆனால் அதன்கீழ் வழக்குப் போடச் சட்டமே கால எல்லையும் வைத்தது. சட்டத்தரணியைப் பார்க்கும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் வேறு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கடிதம் போட்டால் காலம் நிற்கும் என்று நினைப்பது பொதுவான தவறு. பதிவுத் தபாலில் எத்தனை கடிதம் போட்டாலும் எதிராட்சிக் காலம் நிற்காது. வழக்கு மட்டுமே நிறுத்தும்.

உறவினர் ஒருவர் உங்கள் சம்மதத்தோடு இருந்தால் அது எதிராட்சி அல்ல. கூட்டுச் சொந்தக்காரர் இருந்தாலும் அவர் வெளிப்படையாக உங்களை விலக்கி வைத்தாலன்றி அவருடைய ஆட்சி எல்லாருக்குமான ஆட்சியே. ஆனால் "சம்மதத்தோடுதான் இருந்தார்" என்பதற்கு உங்களிடம் சாட்சி வேண்டும். இன்றைக்கே ஒரு தாள் எழுதி வாங்குங்கள்: "இன்ன காணி இன்னாருக்குச் சொந்தமானது. அவருடைய அனுமதியுடன் நான் பார்த்துவருகிறேன். கேட்கும்போது ஒப்படைப்பேன்." திகதி, அடையாள அட்டை எண், இரண்டு சாட்சி. குத்தகை என்று எழுதாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு நொத்தாரிசு உறுதி வேண்டும். வாடகை வாங்குவதானால் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள். தேங்காய் வித்த காசு மாமா கையில் கொடுத்தது ஒரு நாளும் ஆதாரமாகாது. தாளில் கையெழுத்துப் போட அவர் மறுத்தால், உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

போருக்குப் பிந்திய வேறு நாடுகள் இதை எப்படிச் செய்தன என்பதை ஒரு பார்வை பார்க்கலாம், எது நமக்கு இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக. பொஸ்னியாவில் 1995 டேட்டன் உடன்படிக்கையின் 7ஆம் இணைப்பு சொத்து மீட்புக்கென்றே தனி ஆணைக்குழு அமைத்தது. கோரிக்கை அங்கே போனது. மொசாம்பிக்கின் 1997 காணிச் சட்டம் 10 வருட நல்லெண்ணக் குடியிருப்பை ஏற்றது. ஊராரின் வாய்ச் சாட்சியமே போதும் என்றது. கம்போடியாவில் கெமர் ரூஜ் தனிச் சொத்தையே ஒழித்து, பதிவேடுகளும் போனபின், 2001 சட்டம் 1979க்கு முந்திய எந்த உரிமையையும் ஏற்பதில்லை என்று கோடு போட்டுவிட்டது. நமக்குத் தனி ஆணைக்குழு இல்லை. மாவட்ட நீதிமன்றமும் பிரதேச செயலகமும் காணி மத்தியஸ்த சபையும்தான். அதற்குப் பதிலாக நமக்கு ஏடு இருக்கிறது. சிதைந்தும் குறைந்தும் இருந்தாலும் 1983க்கு முந்திய உறுதி இன்றும் உறுதிதான். வழக்குச் செலவு தாங்காதவர்கள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகலாம்; ஆனால் மேலே சொன்ன 30 வருடக் கெடு நெருங்கினால் சபைக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆள் வந்து குந்தியது ஒன்று. படையினர் இருப்பது வேறு. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்பு (கையகப்படுத்தல்) சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் என்பது அரசு காணியை விரும்புகிறது என்பது மட்டுமே. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு ஒட்டியது இதுவே. 38ஆம் பிரிவுக் கட்டளை வர்த்தமானியில் (அரசிதழில்) வந்து ஆட்சி எடுத்தால்தான் உரிமை மாறும். உங்கள் காணிக்கு எது வந்தது என்று திகதியோடு எடுங்கள். நட்டஈடு தருகிறோம் என்றால் வாங்குமுன் யோசியுங்கள்: 39அ பிரிவின் கீழ் காணியைத் திருப்பித் தரலாம், ஆனால் நட்டஈடு கொடுத்திருந்தால் அந்த வழி அடைபடும். வர்த்தமானியைக் கவனிக்க ஊரில் ஒருவரை வையுங்கள். 2025 மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானி வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. கோராத காணி அரசுக்கு. எதிர்ப்புக் கிளம்பி அது மீளப்பெறப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் முகாமிலிருந்து உறுதி நகல் எடுத்து அனுப்பியிருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

அனுமதிப்பத்திரக் காணி

இதற்கு உறுதி விதிகள் எதுவும் பொருந்தாது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் விற்றால் விற்பனையே இல்லை. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியவருக்கும் உரிமை இல்லை. அனுமதி பெற்றவர் இறந்தால் அவர் நியமித்த பின்னுரித்தாளர் 6 மாதத்துக்குள் ஆட்சிக்கு வர வேண்டும். வராவிட்டால் உரிமை தவறும். முகாமில் இருப்பவர் இதில் நேராக அடிபடுகிறார். ஆகவே அனுமதிப்பத்திரம் பெற்றவர் உயிரோடிருந்தால், ஊரில் இருக்கக்கூடிய ஒரு பிள்ளையைப் பின்னுரித்தாளராக இப்போதே பதியுங்கள். யாரையும் நியமிக்காமல் இறந்தால் முன்பு மூத்த மகனுக்குப் போனது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தம் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. அதே காணி வேறொருவருக்கு மறுபடி கொடுக்கப்பட்டிருந்தால், பழைய அனுமதிப்பத்திரத்தை முறைப்படி அறிவித்தல் கொடுத்து இரத்துச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாமல் கொடுத்திருந்தால் உங்களுக்குப் பிடி இருக்கிறது.

இறந்தவர், காணாமற்போனவர், முகாமில் பிறந்தவர்

முகாமில் நிகழ்ந்த மரணத்துக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழோடு நில்லாமல் துணை உயர்ஸ்தானிகராலயத்திலும் பதியுங்கள். பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கும்: உறுதியில் "சின்னத்தம்பி கந்தையா", முகாம் அட்டையில் "எஸ். கந்தய்யா", மரணச் சான்றிதழில் "கந்தையா த/பெ சின்னதம்பி". மூவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி (பிரமாணப் பத்திரம்) முடித்து வையுங்கள். இல்லாவிட்டால் மரணசாதன வழக்கு இதிலேயே ஆறு மாதம் நிற்கும்.

போரில் காணாமற்போனவர் பெயரில் காணி இருந்தால் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணம் பதியலாம். இறந்தார் என்று எழுத மனம் ஒப்பாதவர்களுக்கு 2016 திருத்தம் ஆள் காணாமற்போனதற்கான சான்றிதழைக் கொடுத்தது. ஆனால் அது காணியைப் பராமரிக்க உதவும். வாரிசுக்கு மாற்ற உதவாது. எதை எடுப்பது என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும், காணிக்காக அவசரப்பட வேண்டாம்.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு வம்சாவளிப் பிரசாவுரிமையைப் பதிந்து வையுங்கள். ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டியது. பிந்தினாலும் மனுச் செய்யலாம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. மரணத்தால் வாரிசுக்கு வருவதற்கு விலக்கு உண்டு. தாத்தா நன்கொடையாக எழுதுவதானால் அந்த விலக்குக்குள் வருமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். இந்தியக் குடியுரிமை பற்றி யோசிக்கும் குடும்பம் காணி எழுதும் ஒழுங்கை அதற்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. பிறப்பு, பிரசாவுரிமைப் பத்திரங்களில் உதவ ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தாரைக் கேட்கலாம்.

அளக்கும் நாள்

உரிமம் பெற்ற அளவையாளர் வருமுன் கிராம அலுவலரிடம் இரண்டு விடயம் கேளுங்கள்: கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடமா, வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கிறதா. முகமாலைப் பக்கம் முதல் கேள்வி உயிர்ப் பிரச்சினை. இரண்டாவது, வன்னியில் முப்பது வருடம் பற்றை மண்டிய வளவைக் காடென்று குறித்த இடங்கள் உண்டு. அங்கே பழைய கிணற்றுக் கட்டும் வீட்டு அத்திவாரமும் தென்னையும் உங்கள் சாட்சிகள். துப்புரவாக்குகிறோம் என்று அவற்றை டோசரால் தள்ளிவிடாதீர்கள். முதலில் படம் எடுங்கள்.

நான்கு எல்லைக்காரரையும் அழையுங்கள். வேலி போனாலும் கிணறும் ஒழுங்கையும் கோயிலும் இடம் மாறுவதில்லை. அளவையாளர் அவற்றிலிருந்துதான் பிடிப்பார். வரைபடத்தில் எல்லைக்காரர் கையெழுத்து வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஊருக்கு நேரில் போவதானால் கவனம்: விருப்பத்தின் பேரில் நாடு திரும்புகிறவர்களின் முகாம் பதிவு மூடப்படும். நகல், தோம்பு, எச்சரிக்கை, அதிகாரப் பத்திரம் நான்கும் இங்கிருந்தே முடியும்; அவை கைக்கு வந்து, காணியில் யார் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.